மாடியேறி வந்த கம்பெனி

சோழியக்குப்பத்து விஷவாயு வழக்கில் மேருமலை கெமிக்கல்ஸின் இயக்குநர்கள் யார்மேலும் குற்றமில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லி முடித்த அடுத்த திங்கட்கிழமை காலை, அர்மேனியன் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மரப்படிகளில் அந்தக் கம்பெனியே ஏறி வந்து, வழக்கறிஞர் மங்கையர்க்கரசியின் சேம்பர் வாசலில் கட்சிக்காரர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தது.

முதலில் பார்த்தவர் குமாஸ்தா கோதண்டம். சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பினால், சட்டை கசங்காமல், செருப்பில் தூசி இல்லாமல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தது.

"யாரைப் பாக்கணும்?"

"மேடத்தை."

"பேரு?"

"மேருமலை கெமிக்கல்ஸ் லிமிடெட்."

"கம்பெனியிலேருந்து வரீங்களா?"

"இல்லீங்க. நான்தான் கம்பெனி."

கோதண்டம் கோர்ட்டில் எத்தனையோ பார்த்தவர். செத்துப்போனதாகத் தீர்ப்பான அண்ணன், தன் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்ததைப் பார்த்திருக்கிறார், இல்லாத தெருவில் இல்லாத வீட்டை இருவருக்கு விற்றவன் மூன்றாவது ஆளுக்கு வாடகை பாக்கி கேட்டு வழக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறார். ஆகவே, "மேடம் வர நேரமாகும். ஃபேனைப் போடவா?" என்று மட்டும் கேட்டார்.

மங்கையர்க்கரசி உட்கார்ந்து பழக்கமில்லாதவள். விருதுநகரிலிருந்து சட்டம் படிக்க வந்து, யாரோ ஒரு சீனியரின் மேசை ஓரத்தில் நின்றபடியே தொழிலைத் தொடங்கியவளுக்கு, தனக்கென்று சேம்பரும் சுழல் நாற்காலியும் வந்த பிறகும் நிற்பதே பழகிப்போயிருந்தது. நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே வாதத்தைச் சொல்லச் சொல்ல ஜூனியர்கள் பின்னால் ஓடி ஓடி எழுதிக்கொள்வார்கள், அவள் நடந்து நடந்து சேம்பரின் சிவப்புத் தரையில் ஜன்னலிலிருந்து கதவுவரை வெளிறிய தடம் ஒன்று விழுந்திருந்தது. கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டு பேருமே வீட்டில் இல்லாததால் அது தானாக முடிந்தும் போயிருந்தது. கம்பெனிகளுக்கு வழக்காடுவதில் இந்த ஊரில் அவளைத் தாண்டி ஆள் இல்லை என்றார்கள். கப்பல் கம்பெனி, சிமென்ட் கம்பெனி, சீட்டுக் கம்பெனி என்று எல்லாவற்றுக்கும் பேசினாள். எல்லாவற்றையும்விட அதிகக் காலம் பேசியது மேருமலைக்கு.

இந்த வழக்கில் அவள் வைத்த வாதம் எளிமையானது. கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆள். அதற்கென்று பெயர் உண்டு, பிறந்த தேதி உண்டு, சொத்து உண்டு. அது செய்ததை அதுதான் செய்தது, அதை நடத்துகிறவர்கள் செய்யவில்லை. நீதிபதி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு, அதை அப்படியே தீர்ப்பாக எழுதினார்.

தீர்ப்பு வந்த அன்று நடைக்கூடத்தில் ஒரு பெண் அவளுடைய கறுப்பு கவுனின் நுனியைப் பிடித்து நிறுத்தினாள். சோழியக்குப்பத்து அஞ்சலாட்சி. தொழிற்சாலை வாசலில் இட்லிக்கடை வைத்திருந்தவள். விடியற்காலையில் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த அவள் மகன் கலியமூர்த்தியும் அவனோடு நின்றவர்களும், மதிலைத் தாண்டி மஞ்சளாக இறங்கி வந்த காற்றை மூடுபனி என்று நினைத்து அதற்குள்ளேயே விழுந்துபோனார்கள். அன்றைக்குத் தொழிற்சாலையின் அபாயச் சங்கு ஊதவில்லை.

"யம்மா, நான் ஒண்ணும் கேக்கல," என்றாள் அஞ்சலாட்சி. "இதைச் செஞ்சது யாரு? அந்த மூஞ்சிய ஒரு தரம் எனக்குக் காட்டிரு. போயிர்றேன்."

"மனுசங்க யாரும் இல்லம்மா. கம்பெனி."

"அதுக்கு மூஞ்சி இல்லியா?"

"இல்ல," என்று சொல்லிவிட்டு மங்கையர்க்கரசி அடுத்த கோர்ட்டுக்கு வேகமாக நடந்துவிட்டாள். நடந்தாளே தவிர, அன்றிலிருந்து அவள் கால்கள் தூக்கத்தில்கூட நிற்கவில்லை. காலையில் எழுந்தால் போர்வை கட்டிலின் அந்தக் கோடியில் கிடந்தது.

அப்படிப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை படியேறி வந்து பெஞ்சைப் பார்த்தாள். நாற்பது வயசு என்றாலும் நம்பலாம், இருபது என்றாலும் நம்பலாம் என்கிற உடம்பு. கிட்டே போனால் ப்ளீச்சிங் பவுடர் வாசனை. உள்ளங்கையில் ரேகைகள் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாகக் கம்பெனியின் முத்திரை.

"யார் வரச் சொன்னது?"

"நீங்கதான் மேடம்," என்றது அது, காரைக்குடிப் பக்கத்துக் கணக்கர் ஒருவரின் இழுத்த குரலில். "தனி ஆள்னு சொன்னீங்க. நீதிபதியும் ஆமான்னுட்டாரு. அதுக்கப்புறம் வராம எப்படி இருக்கறது?"

அவளால் அதை மறுக்க முடியவில்லை. தீர்ப்பின் நகல் மேசைமேலேயே இருந்தது. "உட்காருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நடக்க ஆரம்பித்தாள்.

அர்மேனியன் தெரு இதை ஏற்றுக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் படியில் கூட்டம் நெருக்கியது; மூன்றாம் நாள் பெஞ்சுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு தண்ணீர்ப் பானை வைத்தார்கள்; வாரம் முடிவதற்குள் அது தெருவாசிகளில் ஒன்றாகிவிட்டது. முழுப்பெயர் நீளம் என்று மேரு என்று கூப்பிட்டார்கள். அவன் என்பதா, அவர் என்பதா, அது என்பதா என்று பிரச்சினை வந்தபோது, கோதண்டம் யோசித்து "அவங்க" என்று முடிவு செய்தார், பன்மையில் சொன்னால் எதற்கும் தப்பு வராது என்பது அவர் கணக்கு. தெருவும் வக்கீல்களும் வழக்கம்போல "அது" என்றே சொன்னார்கள். கோர்ட்டு வாசலில் போலீஸ்காரர் அடையாள அட்டை கேட்டார். மேரு தன் பான் கார்டை நீட்டியது, அதில் பிறந்த தேதி என்ற இடத்தில் கம்பெனி பதிவான தேதி சரியாக அச்சாகியிருந்தது, போலீஸ்காரர் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, "உடம்பை நல்லா வெச்சிருக்கீங்க," என்று உள்ளே விட்டார். மெஸ் நடத்தும் சரசக்கா முதல் இலையைப் போட்டபோது அதற்குச் சாப்பிடத் தெரியவில்லை. சோற்றைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல வைத்துக்கொண்டிருந்தது. அவள் "வாயில போடுப்பா" என்று அதட்டியதும் போட்டுக்கொண்டது, ரசம் மட்டும் பிடித்துப்போய் மறுபடி மறுபடி கேட்டது. மண்ணடியிலிருந்து ஒரு கல்யாணத் தரகர் வந்து, குலம் கோத்திரம் விசாரித்து, குடோன்கள் எங்கெங்கே என்று கேட்டுக்கொண்டு போனார். வேறு கம்பெனிகளோடு வழக்கு வைத்திருந்தவர்கள் தங்களுடையதும் வரும் என்று நம்பிக் கீழ்ப்படியில் காத்திருக்கத் தொடங்கினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் இன்ஷூரன்ஸ் கம்பெனி வந்தால் உட்கார வைக்கவென்று மடக்கு நாற்காலியே கொண்டுவந்தார். வக்கீல் சங்கத்தில் இதைக் கூண்டில் ஏற்றினால் எதன் மேல் சத்தியம் வாங்குவது என்று ஆரம்பித்த விவாதம் கைகலப்பில் முடிந்தது. நகரத்தில் பெரிய பெரிய நாற்காலிகளில் இருந்தவர்கள் லிப்டில் ஏறும்போது பின்னால் யாராவது ஏறுகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் யாரும் நிம்மதியாக இல்லை. தெருவில் டீ குடிக்கிறவர்கள்கூட ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை நடக்கத் தயாராகவும் வைத்துக்கொண்டு குடித்தார்கள்.

மேருவுக்குத் தனக்கென்று குரல் கிடையாது. எண்களைச் சொல்லும்போது காரைக்குடிக் கணக்கரின் குரல் வரும். வணக்கம் சொல்லும்போது வரவேற்பறைப் பெண்ணின் குரல் வரும். கதவு திறந்திருந்தால் "யாருப்பா அது, கேட்டை மூடு" என்று ஒரு கூர்க்காவின் தமிழில் அதட்டும். அந்தக் கம்பெனியின் பெயரால் யார் யார் எதையெதைப் பேசினார்களோ அதெல்லாம் அதற்குள் இருந்தது, யாராவது எதையாவது கேட்டால் பொருத்தமான குரல் எழுந்து வந்தது. தெருவுக்கு அது வேடிக்கை. மங்கையர்க்கரசிக்கு மட்டும் அப்படியில்லை. இந்தக் கம்பெனிக்காக எல்லாரையும்விட அதிகம் பேசியவள் அவள். எத்தனையோ குரல்கள் வந்துவிட்டன, அவளுடையது மட்டும் இன்னும் வரவில்லை. வராமல் இருக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதன் வாய் திறக்கும்போதெல்லாம் அவள் நடை நின்றது. வேறு யாருடைய குரலாவது வந்ததும் மறுபடி தொடங்கியது.

நிர்வாக இயக்குநர் ஜெயந்த் ஒரு நாள் பகலில் வந்தார். பெஞ்சைப் பார்க்காமல் நேராக உள்ளே போகப் பார்த்தார்.

"வாங்க ஜெயந்த், ஏன் லேட்டு?" என்றது மேரு, ஜெயந்தின் குரலிலேயே.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "மேடம், இது என்ன அசிங்கம்? இதை வெளியில விட்டு வெச்சிருக்கீங்க. சரசக்கா மெஸ்ல சாப்பிடுதாம். யார் கேட்டாலும் பதில் சொல்லுதாம்."

"உங்க கம்பெனிதான். நீங்க கூப்பிட்டுப் பாருங்களேன், வீட்டுக்கு வருதான்னு."

"தமாஷ் வேண்டாம். கலைச்சிடலாம். கம்பெனியைக் கலைக்கணும்னு மனு போடுங்க. உத்தரவு வந்த அன்னிக்கு இது போயிடும் இல்ல?"

சட்டப்படி போய்விடும். இயக்குநர்கள் ஏற்கெனவே விடுபட்டுவிட்டார்கள். வழக்கில் மிச்சமிருக்கும் ஒரே எதிர்த்தரப்பு கம்பெனிதான். அதுவும் இல்லாமல் போனால் சோழியக்குப்பத்தில் நடந்ததற்குப் பதில் சொல்ல உலகத்தில் ஆள் இருக்காது. இதை நினைத்தபோதே, மனுவின் முதல் வரியும் அவளுக்குள் தயாராகிவிட்டது. இத்தனை காலத் தொழில் அப்படி. ஜெயந்த் போன பிறகு அவள் நடந்துகொண்டே மனுவைச் சொல்ல, ஜூனியர் பெண் எழுதினாள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

மாலையில் அவள் வெளியே வந்தபோது மேரு எழுந்து நின்றது.

"கலைச்சா வலிக்குமா மேடம்?" என்று கேட்டது. ஏதோ ஒரு கிளை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து சில நாளே ஆன ஒரு சின்னப் பெண்ணின் குரல் அது.

"தெரியலப்பா. இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்ல," என்றாள் மங்கையர்க்கரசி. சொன்ன பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். கார் வரை போக முடியாமல், தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கடை அடைக்கிற நேரம்வரை நடந்துகொண்டிருந்தாள்.

செய்தி கடற்கரையோரமாகவே தெற்கே போய் சோழியக்குப்பத்தைத் தொட்டது. மீன் ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் சொன்னார்கள், அந்தக் கம்பெனி கையும் காலுமாக மெட்ராஸில் உட்கார்ந்திருக்கிறது, ரசம் குடிக்கிறது என்று. அஞ்சலாட்சி கடையைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறினாள். குப்பத்துப் பெண்கள் அவளோடு ஏறினார்கள். அவர்கள் அர்மேனியன் தெருவுக்குள் நுழைந்தபோது நண்பகல். யாரும் வழி சொல்லத் தேவையிருக்கவில்லை, தெரு தானாக ஒதுங்கி நின்றது, பிறகு அவர்கள் பின்னாலேயே படியேறியது.

கோதண்டம் தண்ணீர் கொடுத்தார். அஞ்சலாட்சி வாங்கிக் கீழே வைத்தாள். பெஞ்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மேருவின் முகத்தைப் பார்த்தாள். நேரமெடுத்துப் பார்த்தாள். அதன் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். பெண்களில் ஒருத்தி செருப்பைக் கையில் எடுத்திருந்தாள். அவள் கை தானாக இறங்கியது.

"இது கொழந்த மாரி இருக்கு," என்றாள் அஞ்சலாட்சி, யாருக்கும் இல்லாமல். "இதுக்கு ஒண்ணும் தெரியாது. யாரோ பேசுறாங்க இதுக்குள்ள." பிறகு குரலை உயர்த்தினாள். "டேய். உன்னைத்தான். எம்மவன் செத்தானே, அந்தக் கொழாய் அரிச்சுக் கெடக்குதுன்னு உங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியும்," என்றது மேரு, ஒரு இன்ஜினியரின் குரலில். "தீபாவளிக்கு முன்னாடியே சொல்லிட்டேன் சார். வால்வு தாங்காது. சங்கும் வேலை செய்யல. ஊர்ல சொல்லி வைக்கணும்."

படிகளில் நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"சங்கு வேலை செய்யலன்னா ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாமே. நான் கேட்டுக்குப் பக்கத்துலதானே அடுப்பெரிச்சேன். தெனமும் உங்க ஆளுங்க என்கிட்டதானே தின்னாங்க. ஒரு வார்த்தை. ஏன் சொல்லல?"

மேரு வாயைத் திறந்தது. உள்ளே ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நடை நின்றது.

முதலில் நாதஸ்வரம் கேட்டது. எங்கோ பின்னால், கல்யாணக் கூடத்தில், தாலி கட்டப்போகிற நேரத்தின் வேகமான மேளம். குழாயில் தண்ணீர் விழும் சத்தம், எவர்சில்வர் பாத்திரங்கள் மோதுகிற சத்தம். அவற்றுக்கு மேலே, தெருவில் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த, தெளிவான, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுகிற பெண் குரல்:

"இப்ப போய் ஊர்ல சொன்னா, தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு ஒண்ணு நடந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு அதுவே சாட்சி. சரி பண்ணிட்டு அப்புறம் பாத்துக்கலாம். இப்போதைக்கு யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். சரியா? நான் பந்தியில உட்காரணும், வெச்சிடறேன்."

கெட்டிமேளம் உச்சத்துக்குப் போய் அடங்கியது.

சரசக்கா கரண்டியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோதண்டம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கதவில் மங்கையர்க்கரசி நின்றிருந்தாள். அந்தக் கல்யாணம் யாருடையது என்பதுகூட அவளுக்கு நினைவில்லை; கை கழுவும் இடத்தில் ஈரத் தரையில் நின்றபடி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைக் கழுவியபடி சொன்னது மட்டும் நினைவிருந்தது. அது நல்ல ஆலோசனை என்று அன்றைக்கு நினைத்தாள். எந்தச் சட்டப் புத்தகத்தைப் பிரித்தாலும் அது நல்ல ஆலோசனைதான்.

அஞ்சலாட்சி மெல்ல எழுந்து திரும்பினாள். குழந்தை முகத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் இந்த முகத்தைப் பார்த்தாள்.

"நீயா?" என்றாள்.

மங்கையர்க்கரசி ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

"இதை ஜட்ஜுகிட்ட சொல்லுவியா?"

"நானா சொல்லக் கூடாதும்மா," என்றாள் மங்கையர்க்கரசி, தன் குரல் தன்னிடமிருந்தே வருவது அவளுக்கு விநோதமாக இருந்தது. "தப்பிக்கச் சொல்லல, சட்டம் அப்படி. கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும் நடுவுல பேசினது கட்சிக்காரருக்குச் சொந்தம். அவங்க விட்டாத்தான் நான் வாயைத் திறக்கலாம்."

"யாரு உன் கட்சிக்காரர்?"

மங்கையர்க்கரசி கையைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. படி முழுக்க இருந்த தலைகள் பெஞ்சின் பக்கம் திரும்பின.

மேரு அவ்வளவு நேரமும் தன் உள்ளங்கை முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தது. வாய் திறந்தது, மூடியது. கணக்கர் வந்து போனார், வரவேற்பறைப் பெண் வந்து போனாள், ஜெயந்த் தொண்டையைச் செருமிவிட்டுப் போனார். பிறகு, நாள்கணக்கில் மூடிக்கிடந்த குழாயைத் திறந்தால் முதலில் காற்றும் அப்புறம் தண்ணீரும் வருவதுபோல, யாருடையதும் இல்லாத ஒரு குரல் கரகரத்து வந்தது.

"சொல்லுங்க."

அடுத்த நாளே மங்கையர்க்கரசி வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஜெயந்த் போனில் கத்தினார், பிறகு கெஞ்சினார், பிறகு வேறு வக்கீல் பிடித்தார். கலைப்பு மனு விசாரணைக்கு வந்த காலையில், கம்பெனி வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்டில் நிற்க இடமில்லை. அர்மேனியன் தெரு பாதி மூடிக்கிடந்தது. சோழியக்குப்பம் முழுவதும் பஸ் ஏறியிருந்தது. அஞ்சலாட்சி மனுவை எதிர்த்திருந்தாள்; சாட்சியாக மங்கையர்க்கரசியின் பெயரைக் கொடுத்திருந்தாள். மேரு கடைசி வரிசையில் சரசக்காவுக்கும் கோதண்டத்துக்கும் நடுவில், சரசக்கா துவைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தது.

ஜெயந்தின் புது வக்கீல் எழுந்தார். "மை லார்ட், வக்கீலைப் பேச அனுமதிக்கும் உரிமை கம்பெனிக்கு மட்டுமே உண்டு. கம்பெனியின் சார்பாக அதன் இயக்குநர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் அனுமதி மறுக்கிறார்கள்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இயக்குநர்கள் வேறு, கம்பெனி வேறு, கம்பெனி தனி ஆள் என்று இதே கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதன்மேல் அப்பீல் போட்டீர்களா?"

"இல்லை, மை லார்ட். அது எங்களுக்குச் சாதகமான தீர்ப்பு."

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி கடைசி வரிசையைப் பார்த்து, "அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்டார், அது எழுந்து, "அனுமதிக்கிறேன்," என்றது.

மங்கையர்க்கரசி கவுனைக் கழற்றிக் கோதண்டத்திடம் கொடுத்தாள். கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைப் பட்டையின் முடிச்சு அவிழவில்லை, அதை இழுத்துக்கொண்டே கூண்டில் ஏறினாள். சத்தியம் செய்தாள். பிறகு சொன்னாள். அன்றைக்குப் போனில் யார் யார் இருந்தார்கள், இன்ஜினியர் என்ன எச்சரித்தார், செலவாகும் என்று யார் சொன்னது, மழைக்காலம் முடியட்டும் என்று யார் சொன்னது, இட்லிக்காரி காதில் விழுந்தால் ஊரே கூடிவிடும் என்று யார் சொன்னது, எல்லாரும் பேசி முடித்ததும் ஜெயந்த் யாரைக் கேட்டார். வழக்கமாக அவள் வாதங்கள் ஓடும்; இன்றைக்கு ஒவ்வொரு பெயருக்கும் நின்று நின்று போனாள்.

அவள் ஒவ்வொரு பெயரையும் சொல்லும்போது, அந்தப் பெயருக்குரிய குரல் மேருவைவிட்டுப் போனது. செலவாகும் என்று சொன்னவர் முன் வரிசையில் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டார், எதையோ விழுங்கியவர்போல. மழைக்காலம் என்று சொன்னவருக்கு இருமல் வந்தது. இட்லிக்காரி என்று சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜெயந்தின் பெயர் வந்தபோது அவர் எழுந்து வெளியே போகப் பார்த்தார், குப்பத்துப் பெண்கள் வழியில் உட்கார்ந்திருந்தார்கள், மறுபடி உட்கார்ந்துவிட்டார். மேரு ஒவ்வொரு குரலாக இழந்து இழந்து லேசாகிக்கொண்டே வந்தது. சட்டையின் தோள்கள் முதலில் தொய்ந்தன, பிறகு கைகள். சரசக்கா அதன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "வலிக்குதாப்பா?" என்று கேட்டாள். அது இல்லை என்று தலையாட்டியது.

"கடைசியா," என்றாள் மங்கையர்க்கரசி, "யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்னு சொன்னது நான். அதை யாரும் என் வாயில் வைக்கலை. எனக்குத் தெரிஞ்சேதான் சொன்னேன்."

சரசக்காவின் கையில் சட்டை மட்டும் இருந்தது. பெஞ்சில் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் வாசனை. நீதிபதி அந்த இடத்தைப் பார்த்தார், ஸ்டெனோவின் பக்கம் திரும்பி, "கம்பெனி எழுந்து போய்விட்டது என்று பதிவு செய்துகொள்ளுங்கள்," என்றார். பிறகு கலைப்பு மனுவைத் தள்ளுபடி செய்து, தனி ஆள் போய்விட்டதால் பழைய விடுதலையும் நிற்காது என்று சொல்லி, சோழியக்குப்பத்து வழக்கில் கம்பெனியின் பெயரால் பேசியவர்கள் எல்லாரும் அவரவர் பெயரில் பதில் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டார்.

சரசக்கா கொஞ்ச நாள் ஒரு இலை அதிகமாகப் போட்டாள், பிறகு நிறுத்திவிட்டாள். கல்யாணத் தரகர் இன்னொரு தரம் வந்து விசாரித்துவிட்டு வருத்தத்தோடு போனார். மடக்கு நாற்காலிக்கார ஆசிரியர் மட்டும் கீழ்ப்படியில் இன்னும் காத்திருக்கிறார் என்கிறார்கள். வக்கீல் சங்கத்தில் பாதிப் பேர் மங்கையர்க்கரசியிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், கட்சிக்காரரைக் காட்டிக் கொடுத்தவள் என்று. மீதிப் பேர் அவள் சொன்ன ஆலோசனைக்காகவே நிறுத்திக்கொண்டார்கள். தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் உத்தரவு வந்தது. சேம்பரை அந்த ஜூனியர் பெண் எடுத்துக்கொண்டாள்.

விசாரணை சோழியக்குப்பத்துக்குப் பக்கத்து ஊரில், ஓட்டுக்கூரை போட்ட ஒரு சின்னக் கோர்ட்டில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருத்தியாக மங்கையர்க்கரசி ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ்ஸில் போனாள். ஜெயந்தும் மற்றவர்களும் வக்கீல்கள் சூழ ஒரு பக்கம் நிற்பார்கள். அவளை யாரும் தங்களோடு சேர்க்கவில்லை. தனக்கு வக்கீல் வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

வாசலில் வேப்பமரத்தடியில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. சாட்சி சொல்ல வந்த அஞ்சலாட்சி அதில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவளுடைய வயர்க்கூடை. மங்கையர்க்கரசி வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். கடல்காற்று வீசிக்கொண்டிருந்தது; தொலைவில் மூடிக்கிடந்த தொழிற்சாலையின் புகைபோக்கி தெரிந்தது. அஞ்சலாட்சி கூடையை நகர்த்தவில்லை. மங்கையர்க்கரசியும் அதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மரத்தின் நிழலில் காத்திருந்தார்கள். வெயில் நகர நகர நிழல் நகர்ந்தது, மங்கையர்க்கரசி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். கால்களைக் குனிந்து பார்த்தபோதுதான் அவை எங்கும் போகப் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

உள்ளிருந்து டவாலி வந்து வாசலில் நின்று, தெருவரைக்கும் கேட்கிற மாதிரி நீட்டிக் கூப்பிட்டார்.

"மங்கையர்க்கரசி... மங்கையர்க்கரசி... மங்கையர்க்கரசி..."

எத்தனையோ ஆயிரம் பெயர்கள் இப்படிக் கூப்பிடப்படுவதைக் கேட்டு, அவர்களுக்காக அவள் எழுந்திருக்கிறாள். இந்தப் பெயர் யாருடையது என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. சுற்றிப் பார்த்தாள்.

அஞ்சலாட்சி கூடையிலிருந்து வெற்றிலையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"உன்னைத்தான் கூப்பிடுறாங்க. போ."